பிறந்த வீட்டுக் கோடி

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தீர்த்தகிரி மலையைப் பார்க்கமாட்டார், வயலைப் பார்க்கமாட்டார். சுவரைத்தான் பார்ப்பார். சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டிருக்கும் அல்லவா, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வாய்விட்டுச் சொல்வார். "அறுவத்தி ஏழு. பரவால்ல, வாழ்ந்துட்டான்." இரண்டு தெரு தாண்டியதும், "நாப்பத்தி ஒண்ணு. த்சு... வண்டியில போயிருப்பான்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் கலைமதிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பஸ் பயணம் என்றால் இதுதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போன அன்றைக்கும், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பதினோரு பேரைக் கழித்து முடித்திருந்தார். முன் சீட்டு அம்மாள் திரும்பி முறைத்தாள். "ஒண்ணுமில்லீங்க, நமக்கு ஆனவங்களான்னு பாக்கறன்" என்றார்.

ஆனவர்களோ ஆகாதவர்களோ, சாவு என்றால் தீர்த்தகிரி போய் நிற்பார். ஒன்றரை ஏக்கர் தக்காளித் தோட்டமும் இரண்டு மாடுகளும் ஒரு பழைய மொபெட்டும் வைத்திருந்த மனிதர். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, பந்தல்காரரைப் பிடிப்பது, எந்த ஊருக்கு யார் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், எந்தச் சொந்தக்காரர் போனில் சொன்னால் கோபித்துக்கொள்வார், யார் வீட்டுத் துணி முதலில் விழ வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. காலையில் பறித்த தக்காளி மார்க்கெட்டுக்குப் போகாமல் கிரேட்டிலேயே கிடந்து கனிந்துபோன நாட்கள் உண்டு. மனைவி காவேரி தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஊரான் சாவையெல்லாம் உன் பேருக்கா எழுதி வெச்சிருக்குது?"

"நாம போனாத்தான் நம்மளுதுக்கு நாலு பேரு வருவாங்க" என்பார் தீர்த்தகிரி.

நம்மளுது போன ஆடியில் வந்தது. இரண்டு மாதமாகவே சோறு இறங்கவில்லை, அல்சர் என்று சொல்லி மோரைக் குடித்துக்கொண்டு திரிந்தார். தர்மபுரிக்குக் கூட்டிப்போய் எல்லாம் எடுத்துப் பார்த்ததில் வயிற்றில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். சின்ன வயது டாக்டரம்மா தணிந்த குரலில், ஆபரேஷனுக்கான கட்டம் தாண்டிவிட்டது, வலிக்கு மருந்து தருகிறேன், பிடித்ததைக் கொடுங்கள், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார். மூன்று மாதம், நான்கு மாதம். கலைமதி வராந்தாவில் நின்று அழுதாள். தீர்த்தகிரி பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆடி, ஆவணி, பொரட்டாசி... ஐப்பசியில மழ புடிச்சிக்கும் பாப்பா. துணிப் பந்தல் தாங்காது. தகரஷீட்டுக்குச் சொல்லி வைக்கணும்."

கலைமதிக்கு அழுகை நின்று எரிச்சல் வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியாக அழக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் பார்க்க வருகிறவர்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்றார், ஒருவர் கேரளாவில் யாரோ வேர் தருகிறார் என்றார். சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே மாதிரி கலைமதி பக்கம் திரும்புவார்கள். "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ, போன்ல பாத்து நல்ல மருந்தா வாங்கக் கூடாதா?" தர்மபுரியில் அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் அறையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தாள். கணிதத்தில் பட்டம் வாங்கியவளுக்கு அப்பாவின் வயிற்றைப் பற்றி என்ன தெரியும்? அதைச் சொன்னால், அப்புறம் என்னத்தைத்தான் படித்தாய் என்பார்கள். அவளும் இரவெல்லாம் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பக்கம் அப்பா. கட்டிலில் சாய்ந்துகொண்டு தன் சாவுக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார். கலைமதி பரீட்சைக்கு வாங்கிய நோட்டு ஒன்று சொந்தக்காரர் பட்டியலாக மாறியது.

"எழுது. கம்பைநல்லூரு வீரமணி. போன்ல சொல்லக் கூடாது, ஆளு போயிச் சொல்லணும். போன்ல சொன்னாலும் வருவான், ஆனா பச்சத் தண்ணி குடிக்காமப் போயிடுவான்."

"ப்பா, நீ இன்னும் உயிரோட இருக்கற."

"அதனாலதான் சொல்றன். அப்பறமா எழுந்து வந்து சொல்ல முடியுமா? எழுது."

பேனருக்குப் போட்டோவும் அவரே எடுத்துக் கொடுத்தார். முறுக்கு மீசையும் சுருட்டை முடியுமாக, இருபத்து நாலு வயதில் ஸ்டூடியோவில் எடுத்தது.

"இது கல்யாணத்துக்கு முன்ன எடுத்ததுப்பா."

"அதுக்கென்னா? ஆளு நான்தான?"

அடுப்படியிலிருந்து காவேரி குரல் கொடுத்தாள். "அந்த மீசைய ரோட்டுல கட்டுனா செத்தது யாருன்னே ஊருக்குத் தெரியாது. யாரோ மாப்பிள்ளைப் பையன்னு தாண்டிப் போயிடுவாங்க."

தீர்த்தகிரி சிரித்தார். சிரித்தால் வலிக்கும். வலித்தால் கலைமதி மருந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். குடித்துவிட்டு, எங்கே விட்டோம் என்பார்.

பட்டியல் முடிந்த அன்று காவேரி, எல்லாப் பெயரையும் ஒருமுறை படிக்கச் சொன்னாள். நாற்பத்திரண்டு குடும்பம். பாப்பாரப்பட்டிப் பக்கம் வந்தபோது மூன்று பேர் இருந்தார்கள். காவேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"காசியம்மா பேரு எங்க?"

தீர்த்தகிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காசியம்மாள் அவருக்கு மூத்தவள், ஒரே அக்கா, பாப்பாரப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் மகன் முனிராஜுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமனை முதலில் மேடைக்குக் கூப்பிட வேண்டும். மைக்கைப் பிடித்திருந்தவர் அவசரத்தில் பெண்வீட்டு மாமனைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான் விஷயம். தீர்த்தகிரி தோளில் இருந்த துண்டை உதறிக்கொண்டு, சாப்பிடாமல், மனைவி மகளையும் இலையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த கலைமதிக்கு, பாதி தின்ற லட்டு இலையிலேயே போனதுதான் நினைவிருக்கிறது. அக்கா வந்து கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். தம்பி சாப்பிடாமல் போனானே, அவனே வரட்டும் என்று அவள் இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்துக் காசியம்மாளின் கணவர் மாது மாரடைப்பில் போய்விட்டார். ஆள் வந்து சொன்னார்கள். ஊரில் எல்லாச் சாவுக்கும் ஓடுகிற மனிதர் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் களை வெட்டப் போனார். கருமாதிக்கும் போகவில்லை. கணவனை இழந்தவளுக்குக் கருமாதி அன்று பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. மற்ற எவர் துணியும் அதற்கு அப்புறம்தான். "பொறந்த வூட்டுக் கோடி" என்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்களாம். நாலு ஊர் ஜனங்களுக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த காசியம்மாள் மேல், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு சேலையைப் போர்த்தினார்களாம்.

பட்டியலைப் படித்த மறுநாள் காலையில் தீர்த்தகிரி மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா. அக்கா வருமா?"

எதையும் உத்தரவாகவே சொல்லிப் பழகியவர் கேள்வியாகக் கேட்டது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. "பேரு எழுதிக்கட்டுமாப்பா?"

"எழுதறதுக்கு இல்ல. செத்தப்பறம் வந்து மார்ல அடிச்சிக்கினு போனா எனக்கு என்னா தெரியும்? இப்ப வரணும். கண்ணுல பாக்கணும்."

"போன் பண்ணிப் பாரேன்."

"பண்ணன். எடுக்க மாட்டேங்குது."

அவர் தூங்கியபோது கலைமதி போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் பதினான்கு முறை அழைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பந்தலுக்குத் தகரஷீட் வேண்டும் என்பதை நாற்பது முறை சொல்லத் தெரிகிறது. அவளுக்கு அந்த போனையே சுவரில் அடிக்கலாம்போல் இருந்தது.

யோசித்துப் பார்த்தாள். சண்டை எதனால் முற்றியது? கோடி போகாததால். அப்படியானால் கோடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கொடுக்க வேண்டியதைத் தாமதமாகவாவது கொடுப்பதில் என்ன தப்பு? இத்தனை எளிய விஷயத்தை ஏழு வருடமாக இரண்டு பெரிய மனிதர்கள் இழுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் நூறு பேச்சு வளரும். பாலக்கோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனாள்.

"என்னா விசேஷங்க?"

"கோடி."

கடைக்காரர் முகத்தை மாற்றிக்கொண்டு, விரித்திருந்த பட்டுப்புடவைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து நூல் சேலைகளை எடுத்தார். "என்னிக்கிங்க கருமாதி?"

கலைமதி ஒரு சேலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கி" என்றாள். அவர் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

பாப்பாரப்பட்டியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனாள். வாசலில் காசியம்மாள் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அதே மூக்கு, அதே நெற்றிச் சுருக்கம். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"கலைதான நீ? வா. ஒல்லியா கெடக்கற." உள்ளே திரும்பி, "அடியே, தண்ணி எடுத்தா" என்றாள். முனிராஜின் மனைவி வந்தாள். ஆனேக்கல் பக்கத்துப் பெண், ஏழு மாத வயிறு. இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாக நின்றது என்று கலைமதிக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்கு உடம்பு இப்படி என்று சொன்னாள். காசியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கேள்விப்பட்டன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. இதுதான் சமயம் என்று கலைமதி பையை நீட்டினாள்.

"என்னா இது?"

"அப்பா தர வேண்டிய கோடி, அத்தை. மாமாவுக்கு."

காசியம்மாள் பையைப் பிரித்தாள். சேலையின் ஓரத்தைப் பார்த்ததும் சூடு பட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப என் வூட்ல எந்தப் பொணம் கெடக்குதுன்னு கோடி எடுத்தாந்த?"

"அத்தை, அன்னிக்கி வராததுக்கு..."

"வாயும் வயிறுமா ஒருத்தி நிக்கறா! அவ முன்னால கோடியப் பிரிக்கிறியே, நீ மனுசியா? உள்ள போடி நீ, பாக்காத!"

"பேடா அத்தே, வேணாம், அவங்க தெரியாம..." என்று மருமகள் கன்னடமும் தமிழுமாகத் தடுத்துப் பார்த்தாள். காசியம்மாள் காதில் விழவில்லை. பையைத் தெருவில் வீசினாள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"உங்கப்பன் அனுப்புனானா? ஊரு சாவுக்கெல்லாம் மொற சொல்றவன், அவன் அனுப்பியிருக்க மாட்டான். நீதான். படிச்ச திமிரு!"

கலைமதிக்கும் பொறுமை போய்விட்டது. "பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு? வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பு, குடுத்தாலும் தப்பு! அங்க ஒரு மனுசன் கஞ்சி எறங்காம அக்கா அக்கான்னு கெடக்கறாரு, நீங்க போனக்கூட எடுக்க மாட்டேங்கறீங்க!"

"சேலைக்கு அலைஞ்சனா நான்? என் மவன் வருசத்துக்கு நாலு எடுத்துத் தர்றான். மூணு தடவ கூப்புட்டாங்கடி. மூணு தடவ. போயி உங்கப்பன்கிட்ட கேளு, மூணு தடவன்னா எவ்வளவு நேரம்னு."

கலைமதி பையைப் பொறுக்கிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். கோடிக்கு ஒரு நாள் உண்டு, அந்த நாள் தாண்டிப் போனால் அது வேறு ஒரு சாவைக் கூப்பிடுவதாக ஆகும் என்பது அவளுக்கு ஏன் தெரியாமல் போயிற்று? இத்தனை சாவுக்குப் போன மனிதரின் மகள். அப்பா போன வீடுகளுக்கு அவள் ஒருநாளும் கூடப் போனதில்லை. ஹாஸ்டலில் இருந்தாள், பரீட்சை இருந்தது. உண்மையில் அப்பாவுக்காகத்தான் போனாளா, அல்லது ஏதோ ஒன்றையாவது தன் கையால் தீர்த்துவைத்தோம் என்று இருக்கட்டும் என்று போனாளா? பாலக்கோடு வந்துவிட்டது, இறங்கினாள்.

வீட்டு வாசலிலேயே காவேரி, மகள் கையில் இருந்த பை என்னவென்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் வாயில் அடித்துக்கொண்டு, "திரும்பி வந்த கோடிய வூட்டுக்குள்ள எடுத்தாராத!" என்று மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். மகளைத் திட்டினாள், நாத்தனாரைத் திட்டினாள், கட்டிலில் இருந்தவரைப் பார்த்து, "எல்லாம் உன்னாலதான்யா" என்றாள்.

தீர்த்தகிரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் மொற சொன்னன். என் வூட்ல ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியல." வலி தணிந்ததும், "மூணு தடவன்னு சொல்லுச்சா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பந்தலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. அந்த அமைதி பழைய தொல்லையைவிட மோசமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு முனிராஜின் மினி லாரி வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து காசியம்மாள் இறங்கினாள். கையில் தூக்குவாளி. கலைமதியைப் பார்த்ததும், "நீ பண்ண கூத்துக்குத்தான் வந்தன். எங்கப்பன் வூட்ல மொற சொல்லிக் குடுக்க ஒரு நாதியுமில்லையான்னு பாத்துட்டுப் போலாம்னு" என்றாள். உள்ளே போனவள் கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள். பாதி ஆள்தான் இருந்தார்.

"ஏன்டா தீர்த்தா, இப்பிடியா கெடப்ப?"

"வந்துட்டியா?" என்றார் தீர்த்தகிரி. "பஸ்ஸுலயா?"

"இல்ல, ஏரோப்ளேன்ல."

அவ்வளவுதான். ஒன்பது வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. காசியம்மாள் உடனே வேலையில் இறங்கிவிட்டாள். தலையணை உறை அழுக்கு, கட்டிலுக்குக் காற்று வரவில்லை, காவேரி வைத்த கஞ்சியில் கட்டி. காவேரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். தூக்குவாளியில் காசியம்மாள் ராகிக் கூழை நீர்க்கக் கரைத்து மோர் விட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஸ்பூனால் ஊட்டினாள்.

"அக்கா," என்றார் தீர்த்தகிரி. "மாமாவுக்கு அன்னிக்கி நான்..."

"வாயத் தொற."

விழுங்கினார். "சட்ட போட்டன்க்கா. பொத்தான் எல்லாம் போட்டுக்கினு உக்காந்திருந்தன். எழுந்திரிக்க..."

"முழுங்கு. பேசுனா பொரையேறும்."

கதவோரம் நின்றிருந்த கலைமதிக்கு அந்த ஸ்பூனைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதரை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டால் என்ன? தப்புதான் என்று இவரும், சரி விடு என்று அவளும் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒவ்வொரு முறை அப்பா வாயைத் திறக்கும்போதும் அத்தை கூழை வைத்தாள். கிண்ணம் காலியாயிற்று. பல வாரங்களில் அப்பா ஒரு கிண்ணம் முழுதாகக் குடித்தது அன்றைக்குத்தான். வாயைத் துடைத்துவிட்டு, அத்தை அவர் காலைத் தன் மடியில் எடுத்துவைத்துப் பிடித்துக்கொண்டே, சின்ன வயதில் அவர் தொலைத்த ஆட்டுக்குட்டிக்காகத் தான் வாங்கிய அடியைப் பற்றி ஆரம்பித்தாள். "அது தொலையல, நீதான் கதவத் தொறந்து வுட்ட" என்றார் தீர்த்தகிரி. சாயந்திரம் வரை அதுதான் சண்டை.

காசியம்மாள் மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் விடிந்து மாடு கறக்கிற நேரத்தில் தீர்த்தகிரி போய்விட்டார். ஐப்பசி பிறந்திருக்கவில்லை, மழையும் இல்லை. தகரஷீட் பந்தலுக்குள் வெயிலில் எல்லாரும் வெந்தார்கள். எழுதிவைத்த நாற்பத்திரண்டு குடும்பமும் வந்தது, எழுதாத முந்நூறு பேர் வந்தார்கள். கம்பைநல்லூர் வீரமணிக்கு யாரோ போனில் சொல்லிவிட்டார்கள்.

கருமாதி அன்று "பொறந்த வூட்டுக் கோடி" என்று கூப்பிட்டதும், காவேரியின் தம்பி முருகேஷ் தட்டோடு எழுந்து வந்தார். முதல் குரலிலேயே வந்துவிட்டார். சேலையை அவர் தாறுமாறாகப் போர்த்த, பக்கத்தில் நின்ற காசியம்மாள் குனிந்து அதைத் தோளில் சரியாக இழுத்துவிட்டாள். கலைமதி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனையும் ஏற்பாடு செய்த மனிதர், தகரஷீட்டு வரைக்கும் யோசித்தவர், செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

எல்லாம் முடிந்து அத்தை கிளம்பியபோது கலைமதி வண்டிவரை கூடவே போனாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. தெரியாமத்தான் கேக்கறன். மாமாவோட கோடிய இப்ப எப்பிடிச் செய்யறது? ஒரு வழி சொல்லுங்க. கோயில்ல வைக்கறதோ, யாருக்காச்சும் குடுக்கறதோ, என்னன்னு சொல்லுங்க. செஞ்சிடறன்."

"வழியெல்லாம் இல்ல."

"ஏதாச்சும் இருக்கும்ல?"

"நான் போனா நீங்க ஒண்ணு எடுத்தாரணும். எடுத்தாருவீங்க, உங்கம்மா வுட மாட்டா. அது எனக்கு, என் சாவுக்கு. அத இதுல கழிக்க முடியாது." காசியம்மாள் முனிராஜின் கையைப் பிடித்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரவல் போன பாத்திரம் திரும்பி வராததைச் சொல்கிறமாதிரி, வெறும் குரலில் சொன்னாள். "இது உங்கப்பன் அன்னிக்கி வந்து போட்டிருக்க வேண்டியது. போடல. பாக்கிதான்."